நெறி கட்டி வலிக்கிறது, பிளட் கேன்சராக இருக்குமோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டுகளும் கிராமங்களும் கலந்த பகுதியில் செவிலியராக வேலை பார்க்கிறேன். காய்ச்சலுக்கு வருபவர், பிரஷர் மாத்திரை வாங்க வருபவர், பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருபவர் என்று யாராக இருந்தாலும், கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், இங்க ஒரு கட்டி வலிக்குது, கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்" என்பார்கள். கூடவே பிளட் கேன்சராக இருக்குமோ என்ற சந்தேகமும் வந்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படிப்பது டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆனால் எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

நெறி கட்டுறதுன்னா என்ன சிஸ்டர்? அது புதுசா முளைச்ச கட்டியா?

புதிதாக முளைத்தது அல்ல. நிணநீர் முடிச்சுகள் பிறந்ததிலிருந்தே உடம்பில் இருப்பவை. சுமார் 600 இருக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படும். மற்றவை நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஆழமாக இருக்கின்றன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றின் வழியாகத்தான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அதோடு வரும் கிருமியை இவை பிடித்து வைத்துக்கொண்டு எதிர்த்துப் போராடும். அப்போது உள்ளே வெள்ளை அணுக்கள் பெருகி முடிச்சு வீங்குகிறது. அதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் அதற்கென்று ஒரு எல்லை உண்டு. பாதம், கால், பிறப்புறுப்பு, தொப்புளுக்குக் கீழுள்ள தோல் ஆகியவற்றின் நிணநீர் தொடை இடுக்குக்கு வரும். கையும் மார்பகமும் அக்குளுக்கு. பல், தொண்டை, காது, தலைத்தோல் எல்லாம் கழுத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

தொட்டாலே வலிக்குது. அப்போ பிளட் கேன்சர்தானே?

பெரும்பாலும் இல்லை. முடிச்சைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. முடிச்சு இரண்டொரு நாளில் சட்டென்று வீங்கும்போது அந்த உறை இழுபட்டு வலிக்கிறது. அப்படி வேகமாக வீங்க வைப்பது பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். நிணநீர்ப் புற்றுநோயில் முடிச்சு பொதுவாக மெதுவாக, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் வளரும். தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும், வலி இருக்காது.

இதில் எனக்கு இருக்கும் பெரிய கவலையே வேறு. வலிக்கும் நெறிக்குப் பயந்து அன்றே வந்துவிடுகிறார்கள். வலிக்காத கட்டியை "அது பாட்டுக்கு இருக்கு" என்று வருஷக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது அந்த வலிக்காத கட்டியைத்தான். அதற்காக, வலி இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து "கேன்சர் இல்லை" என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் முடியாது. வேகமாக வளரும் சில வகைப் புற்றுநோயிலும் வலி வரலாம். எத்தனை நாளாக இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, வளர்கிறதா என்பவற்றை வலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளட் கேன்சர்னா ரத்தத்துலதானே வரும்? நெறிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பிளட் கேன்சர் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று பெரிய குடும்பங்கள் அடங்கும். லுக்கீமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்கி ரத்தத்தில் பரவுவது. லிம்ஃபோமா நிணநீர் மண்டலத்தில் தொடங்குவது. மைலோமா மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களில் வருவது, பெரும்பாலும் வயதானவர்களுக்கு. நெறியோடு அதிகம் தொடர்புள்ளது லிம்ஃபோமா. லுக்கீமியாவிலும் சில வகைகளில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று பல இடங்களில் முடிச்சுகள் பெரிதாகும்.

ஆனால் தீவிரமான லுக்கீமியா வெறும் நெறியோடு மட்டும் வந்து நிற்பது அரிது. உடம்பு வெளுத்துப் போகும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே தோலில் நீலமாகக் கன்றிப்போகும், காய்ச்சல் விட்டு விட்டு வரும். குழந்தைகள் எலும்பு வலிக்கிறது என்று நடக்க அழுவார்கள். நெறியோடு இவற்றில் ஏதாவது இருந்தால் நாள் பார்க்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

காரணமே இல்லாம கட்டியிருக்கு. எங்கேயும் ஒரு புண்ணு கூட இல்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். "புண் இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்குத் தேடிப் பார்த்தால் ஏதோ ஒன்று இருக்கும். தொடை இடுக்கில் நெறி என்றால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வேன். குதிகால் வெடிப்பு, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து சீழ் வைத்தது, இதில் ஒன்று இருக்கும். அக்குளில் என்றால் விரல்களைப் பார்ப்பேன். கொழுந்து பறிப்பவர்களுக்கு விரல் நுனியில் வெடிப்பு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்களுக்குக் கையில் கீறல், கேரட் கழுவுபவர்களுக்கு நகச்சுற்று. வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் அதன் பிறாண்டலும் ஒரு காரணம். புண் ஆறி மறந்த பிறகுகூட அதனால் வந்த நெறி வாரக் கணக்கில் இருக்கும். கழுத்தில் என்றால் சொத்தைப் பல், டான்சில், காதுச் சீழ், தலையில் பேன் கடித்துச் சொறிந்த புண். பெண் பிள்ளைகளுக்குப் பின் கழுத்தில் வரிசையாக நெறி இருந்தால் நான் முதலில் தலைமுடியைத்தான் விலக்கிப் பார்ப்பேன்.

நம் மலையில் இன்னொன்றை அவசியம் தேட வேண்டும். ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. கடித்த இடம் வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. அதனால் யாருக்கும் தெரியாது. கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா காய்ச்சலோடும், தொடை இடுக்கில் வலிக்கும் நெறியோடும் வந்தார். பக்கத்து வீட்டில் ஒருவர் பிளட் கேன்சரில் இறந்திருந்ததால், தனக்கும் அதுதான் என்று முடிவே செய்துவிட்டார். காலில் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகும்போது இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட் கட்டுவார்களே, அந்தக் கயிறு அழுத்தும் இடத்தில் சேலையைத் தளர்த்திப் பார்த்தோம். பீடி நெருப்பு பட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். அவர் அன்றுதான் அதை முதன்முதலில் பார்க்கிறார். டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினார், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்காது. ஆனால் தோட்டத்துக்கும் காட்டுக்கும் போகிறவருக்குக் காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்தால் இதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். இது கேன்சரைவிட அவசரமானது.

சரி, எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

காரணம் தெரிந்து, மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம். அதற்குள் வலி குறைந்து முடிச்சு சுருங்கத் தொடங்க வேண்டும். முழுக்க மறைய இன்னும் சில வாரங்கள் ஆகலாம், பரவாயில்லை. நான்கு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ, இடையிலேயே வளர்ந்துகொண்டு போனாலோ டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். கழுத்திலும் அக்குளிலும் 1 செ.மீ.க்குக் குறைவாக, நழுவி ஓடும் முடிச்சு ஆரோக்கியமானவர்களுக்கும் தட்டுப்படும். தொடை இடுக்கில் 1.5 செ.மீ. வரைகூட இருக்கலாம். அதுவும் செருப்பில்லாமல் தோட்டத்தில் நடந்து பழகியவர்களுக்கு அங்கே நிரந்தரமாகவே சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். பத்து வருஷமாக அதே அளவில் இருக்கும் ஒன்றை இன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை.

எந்த இடத்துல இருந்தா காத்திருக்கவே கூடாது?

கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குறுக்காக இருக்கும் காறை எலும்புக்கு மேலே உள்ள குழி. அங்கே எவ்வளவு சிறிய முடிச்சு தட்டுப்பட்டாலும், எந்தப் பக்கமாக இருந்தாலும் உடனே போங்கள். லிம்ஃபோமா மட்டுமல்ல, நுரையீரல், இரைப்பை போன்ற உள் உறுப்புகளின் புற்றுநோயும் அங்கே வந்து தலைகாட்டும். அதேபோல, எந்த இடமானாலும் கல் மாதிரிக் கெட்டியாக, அடியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பதும், பல முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதும், இரண்டு மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் வீங்குவதும் காத்திருக்கக் கூடாதவை. முகமும் கழுத்தும் உப்பி, படுத்தால் மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தப் புற்றுநோயை நினைத்தே பயப்படுகிறவர்கள் மறந்துவிடும் இரண்டு உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவருக்குத் தாடைக்குக் கீழே கெட்டியான முடிச்சு வந்தால், வாயைத் திறந்து கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்களுக்கு அக்குளில் முடிச்சு என்றால் மார்பகத்தையும் பரிசோதிக்க வேண்டும். வெட்கப்பட்டு அக்குளை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

ராத்திரி வேர்க்குதுன்னா கேன்சர்னு சொல்றாங்களே. எனக்கு விடியக்காலம் வேர்க்குது.

எத்தனை கம்பளி போர்த்துகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குளிர் மாதங்களில் ஜன்னலை அடைத்து, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு, இரண்டு கம்பளிக்குள் படுத்தால் விடிகாலையில் கழுத்து வேர்ப்பது இயல்பு. மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கும், இரவில் சர்க்கரை இறங்குபவர்களுக்கும் வேர்க்கும்.

டாக்டர்கள் கேட்பது வேறு மாதிரியான வேர்வை. குளிர் அடிக்கிற இரவிலும் உடுப்பும் தலையணை உறையும் நனைந்து, எழுந்து மாற்ற வேண்டிய அளவுக்கு இருக்கும். அதோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தானாகக் குறைவது. 50 கிலோ இருந்தவர் முயற்சி எதுவும் இல்லாமல் 45-க்கும் கீழே வந்துவிட்டார் என்றால் அது கணக்கில் சேரும். இந்த மூன்றும் லிம்ஃபோமாவில் வரும். டிபி-யிலும் அப்படியே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளட் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்போ கேன்சர் இல்லைதானே?

சிபிசி என்ற ரத்த அணுக்கள் பரிசோதனையும், நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் சரியாக இருந்தால் லுக்கீமியா இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனால் லிம்ஃபோமாவில் ரத்தப் பரிசோதனை முழுக்க நார்மலாகவே இருக்கலாம். நோய் முடிச்சுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. ஆகவே முடிச்சு வளர்கிறது என்றால் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளை அணுக்கள் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். ரிப்போர்ட்டில் 14,000 என்று தடித்த எழுத்தில் பார்த்ததுமே பிளட் கேன்சர் என்று அழுதுகொண்டு வருகிறார்கள். சீழ் வைத்த புண்ணுக்கும் டான்சிலுக்கும் அந்த எண்ணிக்கை சாதாரணமாக ஏறும். சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் காட்டும் இஎஸ்ஆர் கூடுதலாக இருப்பதும் அப்படித்தான், பல நோய்களுக்கு ஏறும். எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த வகை அணு கூடியிருக்கிறது என்பதை டாக்டர் பார்ப்பார்.

கழுத்துக் கட்டியைப் பார்த்து டிபி-யா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு இருமலே கிடையாதே?

டிபி நுரையீரலில் மட்டும் வருவதல்ல. நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் தங்கும் இடங்களில் நிணநீர் முடிச்சும் ஒன்று. பெரியவர்கள் கண்டமாலை என்பார்கள். கழுத்தின் பக்கவாட்டில் மெதுவாகத் தொடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சில சமயம் உடைந்து சீழ் வடியும். பெரும்பாலும் வலிக்காது. நம் நாட்டில், நீண்ட நாள் இருக்கும் கழுத்து நெறிக்கு லிம்ஃபோமாவைவிட இதுதான் அதிகம் கண்டுபிடிக்கப்படும் காரணம். ஊசியால் எடுத்த மாதிரியில், டிபி கிருமியைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. நுரையீரல் பாதிக்காமல் முடிச்சில் மட்டும் இருந்தால் அது அடுத்தவருக்கு இருமல் வழியாகத் தொற்றாது, தட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய பின் முடிச்சு சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்க குடும்பத்துல சிக்கிள் செல் இருக்கு. அதுவும் பிளட் கேன்சர்தானா?

கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து வரும் கேள்வி. பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் காணப்படுகிறது. அது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் சிவப்பணுக் கோளாறு, புற்றுநோய் அல்ல. நெறியும் அதன் வழக்கமான அடையாளம் அல்ல. ஆனால் சிக்கிள் செல் உள்ளவருக்குத் தொற்று வேகமாக முற்றும். அதனால் காய்ச்சலோடு நெறி கட்டினால் இரண்டு வாரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, அன்றே போக வேண்டும்.

மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன், கட்டி கரைஞ்சிடுச்சு. அப்போ பயமில்லைதானே?

என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது. கிருமிக்கான மருந்தில் கரைந்து, திரும்ப வரவில்லை என்றால் சரி. அந்த உறையில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்திருந்தால் எனக்குக் கவலைதான். ஸ்டீராய்டு லிம்ஃபோமாவையே தற்காலிகமாகச் சுருக்கிவிடும். வலி போகும், பசி எடுக்கும், ஆள் தெம்பாகிவிடுவார். சில வாரத்தில் திரும்ப வளரும். இடையில் பயாப்ஸி, அதாவது முடிச்சிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பது, செய்தாலும் நோய் என்னவென்று தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

கடையில் பிரித்துக் கொடுக்கும் பெயரில்லாத மாத்திரைகளை நெறிக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், காலி அட்டை இருந்தால் கொண்டு போங்கள். மூலிகைப் பற்றுப் போட்டுக் கட்டியைப் பழுக்க வைப்பதும், சூடு வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

ஊசி குத்தினா, கத்தி பட்டா கேன்சர் பரவிடும்னு மாமியார் பயப்படுறாங்க.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடமும் இதையே சொல்கிறேன். லிம்ஃபோமா ஊசி குத்துவதாலோ முடிச்சை எடுப்பதாலோ பரவாது. பரிசோதனைக்கு முன்பே முற்றிய நிலையில் வந்தவர்களைப் பார்த்து, "கத்தி பட்டதால்தான்" என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது.

எஃப்என்ஏசி என்பது மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சிப் பார்ப்பது, சில நிமிட வேலை. டிபி-யையும், வேறு உறுப்பிலிருந்து வந்த புற்றுநோயையும் கண்டுபிடிக்க உதவும். லிம்ஃபோமா சந்தேகம் என்றால் அது போதாது. முழு முடிச்சையும் எடுத்து அதன் அமைப்பைப் பார்த்தால்தான் எந்த வகை என்று சொல்ல முடியும், வகை தெரிந்தால்தான் மருந்து. ஆகவே ஊசிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் முடிச்சு வளர்ந்தால், "முழுசா எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம்.

குழந்தைக்குக் கழுத்துல மணி மணியா இருக்கு. ராத்திரி தூக்கமே வரலை.

குழந்தைகள் வருஷத்துக்குப் பல தடவை சளி பிடிப்பவர்கள், அவர்களுடைய முடிச்சுகள் எப்போதும் வேலையில் இருக்கும். ஒல்லியான பிள்ளைகளுக்குக் கழுத்தைத் திருப்பினாலே கண்ணுக்குத் தெரியும். ஓடி விளையாடி, நன்றாகச் சாப்பிட்டு, எடை ஏறுகிற குழந்தைக்குச் சிறிய, நழுவும் முடிச்சுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். வெளுத்துப் போனாலோ, விளையாட்டை விட்டுச் சுருண்டு படுத்தாலோ, மூன்றாவது கேள்வியில் சொன்ன அறிகுறிகள் தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள்.

குடிச்சா நெறி வலிக்கும், அது கேன்சர் அடையாளம்னு போன்ல படிச்சேன். உண்மையா?

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா உள்ளவர்களில் மிகச் சிலருக்கு, மது குடித்த சில நிமிடங்களில் முடிச்சு இருக்கும் இடத்தில் வலி வருவது உண்மை. அரிதானது. அப்படி ஒவ்வொரு தடவையும் வருகிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடித்துப் பார்த்து, வலிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், அது பரிசோதனை ஆகாது.

எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஆனா இன்னும் வலிக்குது, பயமும் போகலை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறீர்கள்? குளிக்கும்போது, படுக்கும்போது, கண்ணாடி முன்னால் நிற்கும்போது என்று அழுத்தி அழுத்திப் பார்த்தால் நல்ல முடிச்சும் வலிக்கும், சுற்றியுள்ள சதையும் கன்றிப்போகும். அந்த வலி மறுபடி பயத்தைக் கிளப்பும். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: காலண்டரில் இரண்டு வாரத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அன்று மட்டும், விரல் நுனியால் மெதுவாகத் தொட்டு, அளவைக் குறித்து வையுங்கள். நடுவில் கை போனால் எடுத்துவிடுங்கள். கழுத்து வலி சில சமயம் முடிச்சே இல்லை, கூடையோ மூட்டையோ சுமந்து இறுகிய தசை.

வீட்டில் யாரையாவது புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் பயம் சீக்கிரம் விடாது. அதைப் பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது. தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஒருவேளை அதுவாவே இருந்துட்டா? எங்க போறது, பணத்துக்கு என்ன பண்றது?

முதலில், பிளட் கேன்சர் என்றால் முடிந்தது கதை என்ற காலம் போய்விட்டது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிறது. குழந்தைகளுக்கு வரும் லுக்கீமியாவில் அதிகம் காணப்படும் வகையும் சரியான சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிறது. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற வகைக்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பல வருஷங்களாக வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா வகையும் இப்படி இல்லை. சில கடுமையானவை, அதையும் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் வகையைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது முக்கியம்.

முதல் பரிசோதனைக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அடுத்த கட்டத்துக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சென்னை அடையாறில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கும், வேலூர் சிஎம்சி-க்கும் போகிறவர்களும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். கார்டு இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

மலையிலிருந்து கீழே கிளம்பும்போது வெறும் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் பலர். பயாப்ஸி எடுத்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடையும், எடுத்த முடிச்சைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் மறுபடி முடிச்சை வெட்டாமல் அதிலேயே பார்த்துவிடுவார்கள். பிளாக்கை வெயிலில், பஸ் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மருந்துகளின் அட்டை, பழைய சீட்டு, காப்பீட்டு அட்டையின் நகல், நெறியை முதலில் பார்த்த தேதி எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, கூட வருபவரிடமும் எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள்.